மறைந்து நின்று எய்த அம்பு

நான் கேட்ட முதல் பட்டிமன்றம் வாலி வதையைப் பற்றியது. பெங்களூரு அல்சூரில் கோயில் திருவிழாவுக்காகப் போட்ட பந்தல். ராமன் மறைந்து நின்று வாலியைக் கொன்றது அறமா, அறமல்லவா என்று இரண்டு அணிகளும் நள்ளிரவை நெருங்கும்வரை மோதிக்கொண்டன. எனக்கு அப்போது பத்து வயது இருக்கலாம். ராமனைவிட இரும்புக்கை மாயாவியும் ஸ்பைடரும்தான் எனக்கு நெருக்கமானவர்கள். ஊருக்குப் போய்வரும் உறவினர்கள் கொண்டுவரும் முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் எங்கள் தெருவில் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்துபோகும். பட்டிமன்றத்தில் ஒரு பேச்சாளர் குரல் உயர்த்திக் கேட்டது மட்டும் இன்றும் காதில் இருக்கிறது: "கொன்றது தப்பா ரைட்டா என்பதை விடுங்கள். ராமன் இப்படிச் செய்கிற ஆளா?"

பல ஆண்டுகள் கழித்து, 2013-ல், அதே கேள்வி வேறு வடிவில் வந்தது. ஸாக் ஸ்னைடர் இயக்கிய 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்தின் இறுதியில் ஒரு குடும்பத்தை எரிக்க முயலும் ஜெனரல் ஸாடின் கழுத்தை சூப்பர்மேன் முறித்துக் கொல்கிறான். படம் வந்த வாரம் சர்ச் தெருப் பழைய புத்தகக் கடை ஒன்றின் வாசலில் இரண்டு கல்லூரிப் பையன்கள் தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் கலந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "வேற வழியே இல்லடா, அந்தக் குடும்பத்தை எரிச்சே போட்டிருப்பான்" என்றான் ஒருவன். "வழி இருக்கா இல்லையாங்கறது இல்ல மேட்டர். சூப்பர்மேன் அதைப் பண்ண மாட்டான்" என்றான் மற்றவன்.

இரண்டாமவன் சொன்னது வேறொரு தளத்துப் பேச்சு. 'செய்யலாமா' என்பது அறக்கேள்வி. 'செய்வானா' என்பது குணக்கேள்வி. சூப்பர் ஹீரோ கொல்லலாமா என்ற விவாதம் எங்கே நடந்தாலும் இந்த இரண்டும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. ஒருவன் சட்டத்தைப் பேச, மற்றவன் பாத்திரத்தைப் பேச, இருவரும் ஒரே விஷயத்தைப் பேசுவதாக நினைத்து ஊர் விடியும்வரை மல்லுக்கட்டுவார்கள். சிக்கலைப் பிரிக்க, இந்தக் கொல்லாமை விதி எங்கே பிறந்தது என்று பார்க்க வேண்டும். அது பிறந்த இடம் ஒரு பத்திரிகை அலுவலகம்.

1939 மே மாத இதழில் முதன்முதலாக வந்த பேட்மேன் கொல்லாதவன் அல்ல. முதல் கதையிலேயே அவன் விட்ட குத்தில் வில்லன் அமிலத் தொட்டிக்குள் விழுகிறான். இவனுக்கு இதுதான் தகுந்த முடிவு என்று சொல்லிவிட்டு பேட்மேன் நகர்ந்துவிடுகிறான். 1940 வசந்தகாலத்தில் வந்த 'பேட்மேன்' முதல் இதழில் தன் விமானத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் ஒரு லாரியைச் சுடுகிறான். அதே இதழில்தான் ஜோக்கர் அறிமுகமாகிறான். அந்த இதழின் முடிவில் ஜோக்கர் தன் கத்தியே தன் மார்பில் பாய்ந்து, சிரித்தபடி செத்துப்போவதாகத்தான் கதை எழுதப்பட்டிருந்தது. ஆசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் தடுத்தார். இத்தனை நல்ல வில்லனை ஒரே இதழில் வீணாக்கக் கூடாது என்று அவர் கருதியதால், ஜோக்கர் பிழைத்துக்கொள்வான் என்று மருத்துவர் சொல்லும் ஒரு கட்டம் அவசரமாக வரைந்து சேர்க்கப்பட்டது. பேட்மேன் துப்பாக்கி ஏந்தக் கூடாது, கொல்லக் கூடாது என்ற கட்டுப்பாடும் அவர் காலத்தில்தான் இறுகியது. 1954-ல் உளவியல் மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்தாம் காமிக்ஸ் குழந்தைகளைக் கெடுக்கிறது என்று புத்தகம் எழுதினார். அமெரிக்க செனட் விசாரணை நடத்தியது. பதிப்பாளர்கள் பயந்துபோய்த் தமக்குத்தாமே ஒரு தணிக்கை விதித்தொகுப்பை வகுத்துக்கொண்டார்கள். கொல்லாத ஹீரோ அதற்குப் பிறகு தொழில் வழக்கமே ஆகிவிட்டான்.

ஆக, வியாபாரமும் பயமும் சேர்ந்து போட்ட விதி இது. இதைக் காட்டி, 'பார்த்தீர்களா, இதில் அறம் ஒன்றும் இல்லை' என்று சிலர் கேலி செய்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. விதி முதலில் வந்தது, காரணம் பிறகு வந்தது. ஆனால் வந்த காரணம் உண்மையானது. சந்துக்குள் தாயும் தந்தையும் துப்பாக்கிக்குப் பலியானதைக் கண்ணெதிரே பார்த்த சிறுவன், வளர்ந்தபின் துப்பாக்கியைத் தொடமாட்டான் என்று அடுத்தடுத்து வந்த எழுத்தாளர்கள் கண்டுகொண்டார்கள். வெளியிலிருந்து திணித்தது உள்ளே வேர்விட்டுக் குணமாயிற்று. எண்பது ஆண்டுகளாகப் பல நூறு கைகள் சேர்ந்து எழுதும் ஒரு பாத்திரத்துக்கு முதுகெலும்பு இப்படித்தான் அமையும். அப்படி அமைந்த எலும்பை ஓர் இயக்குநர் ஒரு காட்சிக்காக உருவிவிட்டால், வாசகனுக்குக் கோபம் வருவது நியாயம்.

ஆனால் எலும்பே முறியக்கூடாது என்று நான் சொல்லவில்லை. 1988-ல் ஜான் பைர்ன் எழுதி வரைந்த 'சூப்பர்மேன்' 22-ஆம் இதழை எடுத்துக்கொள்ளுங்கள். வேறோர் உலகின் மக்களையெல்லாம் அழித்துவிட்ட மூன்று கிரிப்டான் குற்றவாளிகள் சூப்பர்மேனிடம் தோற்று, சக்தி இழந்து நிற்கிறார்கள். அவர்களைச் சிறை வைக்க ஆள் இல்லை. விசாரிக்க நீதிமன்றம் இல்லை. அந்த உலகமே இல்லை. அவர்கள் திரும்பி வந்து பூமியையும் அழிப்போம் என்கிறார்கள். சூப்பர்மேன் பச்சைக் கிரிப்டோனைட்டால் அவர்களைக் கொல்கிறான். அதன் பிறகு வந்த இதழ்களில்தான் கதையின் எடை இருக்கிறது. அந்தக் குற்ற உணர்வு அவனைத் தின்கிறது; மனம் பிறழ்கிறது; கடைசியில் தன்னால் மனிதர்களுக்கு ஆபத்து என்று பூமியை விட்டே போய்விடுகிறான். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1986-ல், ஆலன் மூர் எழுதிய சூப்பர்மேனின் 'கடைசிக் கதை'யிலும் இதே முறைதான். கொல்ல நேர்ந்த உடனே சூப்பர்மேன் தன் சக்தியைத் தானே துறக்கிறான். இரண்டு கதைகளிலும் பாத்திரம் மாறவில்லை. கொன்றதுதான் அவனை உடைத்தது. உடைந்ததால்தான் அவன் பழைய சூப்பர்மேன் என்று நம்புகிறோம். ஸ்னைடரின் படத்திலும் கழுத்தை முறித்ததும் அவன் அலறுகிறான். ஆனால் அடுத்த காட்சியிலேயே கதை இயல்பாகி, வேலைக்குப் போகக் கிளம்பிவிடுகிறது. குறை கொலையில் இல்லை; அடுத்த காட்சியில் இருக்கிறது.

ஜோக்கரின் விஷயத்துக்குத் திரும்புகிறேன். 1988-ல் பேட்மேனின் துணைவன் ராபினாக இருந்த ஜேசன் டாட் பிழைக்கலாமா சாகலாமா என்று பேட்மேனை வெளியிடும் டிசி நிறுவனம் வாசகர்களையே தொலைபேசியில் வாக்களிக்கச் சொன்னது. சாகட்டும் என்றவர்கள் 5,343 பேர். பிழைக்கட்டும் என்றவர்கள் 5,271 பேர். 72 வாக்கு வித்தியாசத்தில் ஜோக்கரின் கையால் அந்தப் பையன் செத்தான். பிற்காலக் கதை ஒன்றில் அவன் உயிர்த்து வந்து பேட்மேனிடம் கேட்கிறான். என்னைக் காப்பாற்றாததை மன்னித்துவிட்டேன், அவனை ஏன் இன்னும் உயிரோடு விட்டுவைத்திருக்கிறாய் என்று. பேட்மேன் சொல்லும் பதிலின் சாரம் இது: கொல்வது கடினம் என்பதால் அல்ல, மிக எளிது என்பதால்தான் செய்யவில்லை, ஒருமுறை அந்தப் பள்ளத்தில் இறங்கினால் ஏறிவர முடியாது.

ஜோக்கர் அடுத்தடுத்துக் கொல்லும் ஒவ்வோர் உயிருக்கும் பேட்மேன்தான் பொறுப்பு என்று வாதிடுபவர்கள் உண்டு. கணக்குப் பார்த்தால் சரிபோலத்தான் தோன்றும். ஆனால் அந்தக் கணக்கு தவறான முகவரிக்கு அனுப்பப்படுகிறது. பேட்மேன் ஒவ்வொரு முறையும் ஜோக்கரைப் பிடித்து அரசிடம்தான் ஒப்படைக்கிறான். விசாரிக்கவேண்டியது நீதிமன்றம், காக்கவேண்டியது மனநலக் காப்பகம். காப்பகத்தின் கதவு ஏன் திறந்துகொண்டே இருக்கிறது? மாதாமாதம் இதழ் வரவேண்டும் என்பதால். தொடர்கதையின் தேவையால் நடக்கும் தப்பித்தலுக்கு, கதைக்குள் இருப்பவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம். நிஜ வாழ்க்கையில் யாரும் பத்திரிகை விற்பனைக்காகச் சிறையிலிருந்து தப்புவதில்லை. அதனால் 'ஜோக்கரைக் கொன்றால் எத்தனை உயிர் மிஞ்சும்' என்ற கணக்கிலிருந்து நிஜ வாழ்க்கைக்கு எந்தப் பாடத்தையும் எடுத்துவரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. துரதிர்ஷ்டவசமாக, அந்தப் பாடத்தைத்தான் பலரும் எடுத்துவருகிறார்கள்.

அல்சூர் ஏரியின் அருகே வள்ளுவர் சிலை ஒன்று இருக்கிறது. 1991-லேயே தயாராகி, பதினெட்டு ஆண்டுகள் மூடிக்கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்ட சிலை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வள்ளுவர் இந்த விஷயத்தில் எங்கே நிற்கிறார் என்று யோசிப்பேன். கொல்லாமைக்கு முழு அதிகாரம் வைத்தவர் அவர், 33-ஆம் அதிகாரம். அதே கைதான் செங்கோன்மை அதிகாரத்தின் கடைசிக் குறளில், கொடியவர்களை அரசன் கொலையால் தண்டிப்பதைப் பயிருக்குக் களை எடுப்பதோடு ஒப்பிட்டது. முரண்பாடு மாதிரித் தெரியும். இடத்தைப் பார்த்தால் முரண் இல்லை. கொல்லாமை துறவறவியலில் இருக்கிறது. செங்கோன்மை பொருட்பாலில், அரசியலில் இருக்கிறது. துறவி கொல்லவே கூடாது. அரசன், முறைசெய்து, தண்டிக்கலாம். மரண தண்டனையே வேண்டாம் என்று நினைக்கும் என் போன்றவர்களுக்கு அந்தக் குறளில் மறுப்பு இருக்கலாம். ஆனால் அவர் போட்ட எல்லைக்கோடு தெளிவானது. களையெடுக்கும் உரிமை, வலிமை இருப்பவனுக்கு எல்லாம் இல்லை; கோல் பிடித்தவனுக்கு மட்டும். கோல் பிடித்தவனும் விசாரிக்க வேண்டும். விசாரிக்காமல் ஒரு பொற்கொல்லன் சொல்லை நம்பி ஆணையிட்ட பாண்டியனுக்கு என்ன ஆயிற்று என்பதைச் சிலப்பதிகாரம் சொல்லும்.

அப்படியானால் முகமூடி போட்டவன் எந்தப் பக்கம்? கோல் அவன் கையில் இல்லை. மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை, யாருக்கும் கணக்குக் காட்டவேண்டியதில்லை, முகம்கூடத் தெரியாது. அவனிடம் இருப்பது ஒரு சபதம் மட்டும். 1536-ல் தன் தந்தையைக் கொன்ற கடற்கொள்ளையனின் மண்டையோட்டின் மீது சத்தியம் செய்த முதல் ஃபேன்டமிலிருந்து, இரவில் பெற்றோர் நினைவோடு கிளம்பும் பேட்மேன்வரை, இவர்கள் வடிவத்தில் துறவிகள். நோன்பு பிடித்தவர்கள். நோன்பிகளுக்குரிய விதி அவர்களுக்கும் பொருந்துகிறது. 1964-ல் பம்பாயிலிருந்து வெளிவரத் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸில் ஃபேன்டம் எதிரியின் கையிலிருக்கும் துப்பாக்கியைச் சுட்டு வீழ்த்துவானே தவிர ஆளைச் சுடமாட்டான். தாடையில் மண்டையோட்டு மோதிரத்தின் தடம் விழும், அவ்வளவுதான். நாங்கள் அதைக் குறையாக நினைத்ததே இல்லை. அந்தத் தடம் மரணத்தைவிடக் கொடுமையான தண்டனையாக எங்களுக்குப் பட்டது.

ஆனால் எல்லா ஹீரோவுக்கும் இந்த நோன்பு இல்லை என்பதையும் தமிழ் வாசகன் நன்கு அறிவான். சிவகாசியில் 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே இரும்புக்கை மாயாவி. பிரிட்டனின் 'வேலியண்ட்' வாரஇதழில் பிறந்த இந்தப் பாத்திரம், மின்சாரம் பாய்ந்தால் இரும்புக் கை மட்டும் தெரிய மறைந்துபோகும் ஆய்வக உதவியாளன். அவன் தொடங்கியது கொள்ளைக்காரனாக. பிறகுதான் நிழற்படை என்ற ரகசிய அமைப்பின் உளவாளி. ஸ்பைடர் இன்னும் ஒரு படி மேலே: குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தி ஆகவேண்டும் என்று கிளம்பியவன், பிற்பாடு நீதிக்காகப் போராடுகிறான். அவன் கதைகளில் பெரும்பகுதியை எழுதியவர் யார் தெரியுமா? சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். களங்கமே இல்லாதவனைப் படைத்த அதே கை, களங்கத்திலிருந்து ஏறிவருபவனையும் எழுதியது. அதோடு லயன் காமிக்ஸ் தமிழுக்குக் கொண்டுவந்த டெக்ஸ் வில்லர் இருக்கிறார். இத்தாலியில் 1948-ல் பிறந்த இந்தக் கௌபாய், பக்கத்துக்குப் பக்கம் சுடுவார். அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஏனென்றால் டெக்ஸ் ஒருநாளும் கொல்லமாட்டேன் என்று நமக்கு வாக்குக் கொடுக்கவில்லை. அவர் கொடுத்த வாக்கு வேறு: முதுகில் சுடமாட்டார், பலவீனர்களைக் கைவிடமாட்டார். அதை மீறினால் டெக்ஸ் ரசிகர்கள் கொதித்துப்போவார்கள்.

குணச் சீர்மை என்று நான் சொல்வது இதைத்தான். எல்லோருக்கும் ஒரே விதி என்பதில்லை. ஒவ்வொருவரும் தன் கதையின் தொடக்கத்தில் வாசகனுக்குக் கொடுத்த வாக்கு. கண்ணகி மதுரையை எரிக்கிறாள். ஆனால் எரிக்கும்போதே பார்ப்பனர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிடு என்று தீக்கு ஆணையிடுகிறாள். ஊரையே எரிக்கும் கோபத்திலும் அவள் தன் குணத்தை எரிக்கவில்லை. அந்தப் பட்டியல் இன்றைக்கு நமக்கு ஒவ்வாமல் இருக்கலாம். அது ஒரு பட்டியலாக இருக்கிறது என்பதே எனக்கு முக்கியம்.

பெங்களூருக்கும் இந்தப் படக்கதை வரலாற்றில் நேரடிப் பங்கு உண்டு. 1965-ல் அமர் சித்திரக் கதை கன்னடத்தில் முதன்முதலாக வெளிவந்தது இந்த ஊர் விற்பனை அலுவலகத்தின் முயற்சியால்தான். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2006-ல், ரிச்சர்ட் பிரான்சன், தீபக் சோப்ரா, சேகர் கபூர் ஆகியோர் பின்னணியில் நின்ற விர்ஜின் காமிக்ஸ், தன் ஓவியக்கூடத்தை இங்கே அமைத்தது. அமெரிக்க முறையில் இந்திய சூப்பர் ஹீரோக்களை உருவாக்குவதுதான் நோக்கம். அங்கே வந்த 'ராமாயண் 3392 ஏ.டி.' என்னை இன்றும் யோசிக்க வைக்கிறது. ஷாமிக் தாஸ்குப்தா எழுத, அபிஷேக் சிங் வரைந்த அந்த எதிர்கால ராமாயணத்தில் ராமன் நாடு கடத்தப்படுவது கைகேயியின் வரத்தால் அல்ல. அசுரர்களிடம் முற்றுகையில் சிக்கிய கோட்டையில், கடைசி ஆள்வரை போரிட்டுச் சாவதற்குப் பதில், மக்களைக் காப்பாற்றச் சரணடைகிறான். வீரத்துக்கு இழுக்கு என்று அவனை நாடு துரத்துகிறது. கொல்லாமல் விட்டதே குற்றமாகும் நாயகன். இந்த ஒரு மாற்றத்தில் அந்த இளைஞர்கள் ராமனின் குணத்தை வால்மீகிக்கும் கம்பனுக்கும் தூரமாகக் கொண்டுபோகவில்லை என்பது என் வாசிப்பு. தகப்பன் சொல்லுக்காக அரசைத் துறந்தவன், மக்கள் உயிருக்காக மானத்தைத் துறக்கிறான். ஆடை மாறியது, ஆள் மாறவில்லை. நிறுவனம் இரண்டு ஆண்டுகளில் சரிந்து வேறு பெயருக்கு மாறியது வருத்தம்தான்.

இந்த விவாதம் படக்கதைக்குள்ளேயே நின்றுவிட்டால் நான் இவ்வளவு தீவிரமாக எழுதமாட்டேன். 2019 டிசம்பர் 6 அதிகாலை ஹைதராபாத் அருகே, ஒரு பெண் மருத்துவரைப் பாலியல் வன்கொடுமை செய்து கொன்றதாகக் கைதான நால்வரைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். விடிந்ததும் மக்கள் அந்தப் போலீசார் மீது பூ தூவினார்கள். பெங்களூரில் என் அலுவலகத்தில் இனிப்பு கொடுத்தார்கள். வழக்கு இழுக்கும், சாட்சி மாறும், குற்றவாளி ஜாமீனில் வருவான் என்ற நம் அனுபவத்தின் கசப்பு அந்தப் பூக்களில் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஜோக்கரை ஏன் கொல்லவில்லை என்று கேட்கும் குரலும் அதே கசப்பிலிருந்துதான் வருகிறது. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022-ல் வெளியானது. போலீசார் கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுட்டார்கள் என்றது அது. செத்த நால்வரில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது. வயது என்பது ஒரு பள்ளிப் பதிவேட்டைப் புரட்டினால் தெரியக்கூடிய விஷயம். புரட்டுவதற்கு ஒரு நீதிமன்றம் வேண்டும். அந்த நேரம் வரை அவர்கள் உயிரோடு இருக்கவும் வேண்டும்.

தமிழ் சினிமா பல பத்தாண்டுகளாக என்கவுன்டர் செய்யும் அதிகாரியைச் சூப்பர் ஹீரோவாகவே வரைந்துவந்திருக்கிறது. 2024-ல் வந்த 'வேட்டையன்' அந்த வழக்கத்தைக் கொஞ்சம் அசைத்தது. ரஜினிகாந்த் நடித்த அதிகாரி சுட்டுக் கொன்றவன் நிரபராதி என்று தெரியவருகிறது. மீதிப் படம் முழுக்க அந்தப் பிணத்தை அவர் சுமக்கிறார். படத்தில் குறைகள் உண்டு. ஆனால் உச்ச நட்சத்திரம் ஒருவர் திரையில் தவறான ஆளைக் கொன்றார் என்பதும், அதைக் கதை மறக்கவிடவில்லை என்பதும் நம் வெகுஜனத் திரைக்குப் புதியவை.

வாலியிடம் வருகிறேன். பிற்பாடு படையெல்லாம் இழந்து நிராயுதபாணியாய் நிற்கும் ராவணனை இன்று போய் ஓய்வெடுத்து நாளை வரச்சொல்லி அனுப்பப்போகும் ராமன், கிட்கிந்தையில் மரத்தின் பின்னால் நின்று அம்பு விட்டான். இரண்டு செயலையும் செய்தவன் ஒரே ஆளா? கம்பன் இந்தக் கேள்வியிலிருந்து தப்பி ஓடவில்லை. மார்பில் தைத்த அம்பைப் பிடித்து, அதில் பொறித்த பெயரைப் படித்துத் திகைக்கும் வாலியின் வாயில், பின்னால் வந்த எந்த விமர்சகனும் கேட்கக்கூடிய எல்லாக் கேள்விகளையும் வைத்தான். பெரியார் ராமன் மீது வைத்த குற்றப் பட்டியலிலும் வாலி வதை இருந்தது. அதைக் கம்பனின் வாலியே முன்பு ஒருமுறை வாசித்துவிட்டான். ராமன் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறான். ஏன் மறைந்து நின்றாய் என்ற கடைசிக் கேள்விக்கு அவன் வாய் திறக்கவில்லை, லட்சுமணன்தான் பேசுகிறான். உன் தம்பிக்கு முன்பே வாக்குக் கொடுத்துவிட்டார், எதிரே வந்தால் நீயும் அடைக்கலம் கேட்டுவிடுவாய் என்பதால் மறைந்தார் என்கிறான். பட்டிமன்றத்தில் அன்றைக்கு ராமன் கட்சி ஜெயித்ததா வாலி கட்சி ஜெயித்ததா என்பது எனக்கு மறந்துவிட்டது. நடுவர் லட்சுமணன் பேசியதைச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் நிறுத்தியதும், பந்தலில் யாரும் கைதட்டாததும் நினைவிருக்கிறது.

அதன் பிறகு கம்பன் செய்வதைத்தான் எந்தக் காமிக்ஸ் எழுத்தாளனும் படிக்கவேண்டும் என்பேன். சாகும் வாலி தன் மகன் அங்கதனைத் தன்னைக் கொன்றவனிடமே ஒப்படைக்கிறான். ராமன் தன் இடையிலிருந்த பொன் உடைவாளை உருவி அந்தப் பையனிடம் நீட்டுகிறான். அங்கதன் அதை வாங்கிக்கொள்கிறான். அன்றிலிருந்து இலங்கைப் போர் முடியும்வரை, அப்பனைக் கொன்றவனுக்குப் பக்கத்தில், அந்த வாளோடு அவன் நடந்துகொண்டே இருக்கிறான்.